சிவப்புப் பட்டை மரத்தடியில் இறங்கிய முடி

அங்காளம்மன் துணை

பார்படாஸ் தீவு,
2006, ஆடி மாதம், திங்கட்கிழமை.

மதிப்பும் மரியாதையும் உள்ள கொழுந்தனார், அங்காளம்மன் கோயில் பூசாரி கங்கப்பன் அவர்களுக்கு, உங்கள் அண்ணி நஞ்சம்மா இரு கையும் கூப்பி எழுதிக்கொண்டது. ஒரு கையில் கட்டுப் போட்டிருப்பதால் உண்மையில் ஒன்றரைக் கை. இங்கு ஆத்தாள் காவலில் மகன் குருமூர்த்தி, மருமகள் வினிதா, பேரன் சுபாஷ், நான் எல்லோரும் உயிரோடும் பசியோடும் இருக்கிறோம். அங்கு நீங்களும் உங்கள் சம்சாரம் தங்கச்சி சுகுணாவும் கொட்டகையில் இருக்கிற வாயில்லா ஜீவன்களும் சுகமாக இருக்க வேண்டும். மத்திகிரிப் பண்ணையில் சினை ஊசி போட்டுக்கொண்டு வந்த செவலை மாடு கன்று போட்டதா, கிடேரியா காளையா என்று தவறாமல் எழுதவும். கடல் தாண்டி வந்தும் எனக்கு அதே யோசனையாக இருக்கிறது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சுபாஷுக்கு முடி இறக்கியாகிவிட்டது. நம்ம கோயில் வாசலில் இல்லை, இங்கே. படிக்கிறதை இதோடு நிறுத்திவிட்டு நாராயணப்பன் மூத்தாரிடம் ஓட வேண்டாம். நிதானமாக உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, முழுசும் படியுங்கள். நான் கிளம்புகிற அன்றைக்குப் பங்காளிகள் அத்தனை பேர் முன்னால் மூத்தார் என்ன சொன்னார் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "தலைச்சன் பையனோட மொதல் முடி நம்ம ஆத்தா வாசல்லதான் எறங்கணும். வேற எடத்துல கத்தி பட்டுச்சு, அந்தப் பையனுக்குப் பூசை மொறை கெடையாது, சொல்லிட்டேன்" என்றார். உங்களுக்கோ இரண்டும் பெண். உங்களுக்கு அப்புறம் அந்த மணியைக் கையில் எடுத்து ஆட்ட உங்கள் அண்ணன் வழியில் இருக்கிற ஒரே ஆண்பிள்ளை சுபாஷ்தான். அவனுக்கு முறை இல்லை என்றால் மணி மூத்தார் வீட்டுக்குப் போகும். அவர் வீட்டில் பேரன்கள் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற மாதிரி வரிசையாக நிற்கிறார்கள். அதனால்தான் நான் இவ்வளவு தூரம் வந்ததே. ஊர் பார்க்க வந்தேன் என்று தங்கச்சி நினைத்துக்கொண்டிருப்பாள். நான் வந்தது முடிக்குக் காவல்.

சுபாஷ் பிறந்ததே இந்தத் தீவில், இப்போது நாலு வயசு. குருமூர்த்தியின் ஓசூர் கம்பெனி பாட்டில் நிரப்புகிற மெஷினை இங்கே ஒரு தொழிற்சாலைக்கு விற்றுவிட்டு, மெஷினோடு சேர்த்து அவனையும் அனுப்பியது. மெஷின் நல்லபடியாக ஓடுகிற வரைக்கும் அவனுக்கு லீவு கிடையாது. ஓடினால் பக்கத்துத் தீவில் இன்னொன்று மாட்டச் சொல்கிறார்கள். வருகிற மாசி மயானக் கொள்ளைக்குக் குடும்பத்தோடு வந்து முடி இறக்குவது என்று தீர்மானம். அதுவரைக்கும் சுபாஷுக்கு முடி தோளுக்குக் கீழே சுருள் சுருளாகத் தொங்கும். நம்ம குடும்பத்து முடி, கேட்கவா வேண்டும். உங்கள் அண்ணனுக்கும் கல்யாணத்தின்போது அப்படித்தான் இருந்தது. ஆனால் வினிதாவுக்கு அது பெரிய வேலை. தினமும் சீப்பை வைத்துக்கொண்டு, "அத்தை, கடையில பஸ்ஸுல பாக்குறவக எல்லாம் பொண்ணு அழகா இருக்குதுங்கிறாக. இவன் டவுசரைக் கழட்டிக் காட்டுறான். எனக்கு மானம் போகுது" என்பாள். மதுரைப் பக்கத்து அழகர்சாமி பெண், பேச்சில் விட்டுக்கொடுக்க மாட்டாள். நானும் விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டில் இருந்த கத்தரிக்கோலை எடுத்து என் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். மூன்று மாசமாகப் பால் பாக்கெட்டைப் பல்லால்தான் கிழிக்கிறோம்.

இப்படி இருக்கையில் நேற்று ஞாயிற்றுக்கிழமை, "அம்மா, வந்து இத்தனை நாளாச்சு, ஊரையே பாக்கல, வா சுத்திக் காட்டறேன்" என்று குருமூர்த்தி ஒரு வேன் ஏற்பாடு பண்ணினான். வாரத்தில் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றுகிற வேன். ஓட்டுகிறவர் பெயர் கார்ல்டன். நல்ல உயரம், நல்ல கறுப்பு, நம்ம கோயில் முனியப்பன் சிலைக்குச் சட்டை போட்டமாதிரி இருப்பார். வண்டியை எடுத்ததிலிருந்து பாட்டு, வளைவில் திரும்பும்போது மட்டும் நிறுத்துவார். முதலில் கரும்புக் காடாகப் போனது. கரும்பு நம்ம ஊருக்குப் பரவாயில்லை என்று சொல்லலாம். வழியில் ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே வந்தது. ரோமமே இல்லாமல், காது தொங்கி, வயிறு கறுத்து, அசப்பில் நம்ம கொட்டகை ஆடு. நான் "வெள்ளாடு" என்றேன். கார்ல்டன் செம்மறி என்று அடித்துச் சொன்னார். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி வாலைப் பார்த்தேன். வால் கீழே தொங்கியது. செம்மறிதான். ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொள்கிற இடத்தில் ஒத்துக்கொள்கிறவள்தான் நான், அது உங்களுக்கே தெரியும்.

அப்புறம் ஒரு குகைக்குள் குட்டி ரயிலில் கூட்டிப்போனார்கள். மேலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, கீழே சுண்ணாம்பு குச்சி குச்சியாக வளர்கிறது. ஜனங்கள் ஆ ஆ என்கிறார்கள். சாமி எங்கே என்று கேட்டேன். சாமி இல்லையாம். இவ்வளவு நல்ல குகையைச் சும்மா போட்டு வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து கிழக்குக் கடற்கரை. அங்கே கடலுக்குள் ஒரு பாறை காளான் மாதிரி நிற்கிறது. அதற்கு முன்னால் நின்று எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். கிருஷ்ணகிரியில் பிறந்து வளர்ந்தவளைக் கூட்டிவந்து கல்லைக் காட்டுகிறார்கள் பாருங்கள். "ஏண்டா, இந்தப் பாறைய நம்ம ஊருக்குக் கொண்டாந்தா ஒரே நாள்ல பலகையா அறுத்து லாரியில ஏத்திடுவாங்க" என்றேன். குருமூர்த்தி அதைக் கார்ல்டனுக்குச் சொல்ல, அவர் அதற்கும் சிரித்தார். பகலுக்குப் பன்னுக்குள் பொரித்த மீனை வைத்துக் கொடுத்தார்கள். காரம் உண்டு. குறை சொல்ல முடியாது.

சாயங்காலம் ஆகிறதுக்கு முன்னால் மேற்குப் பக்கக் கடற்கரைக்கு வந்தோம். அது கடலே இல்லை, ஏரி. அலை கிடையாது, தண்ணீர் சொட்டு நீலம் விட்டமாதிரி. குருமூர்த்தியும் வினிதாவும் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். நான் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்தேன். அங்கே மார்வா என்று ஒரு பொம்பளை. குடை நட்டு, ஸ்டூல் போட்டு, வருகிற வெள்ளைக்காரிகளுக்குத் தலைமுடியைப் பொடிப் பொடியாகப் பின்னி மணி கோத்து விடுகிறாள். அது அங்கே ஒரு தொழில். அவள் சுபாஷைப் பார்த்ததும் ஓடிவந்து இரண்டு கையாலும் முடியை அள்ளினாள். நான் தட்டிவிட்டேன். "தொடாத தாயி, இது சாமி முடி" என்றேன். அவளும் என்னவோ சொன்னாள். கோபமில்லை, சிரித்துக்கொண்டுதான் போனாள். ஆனால் அவள் இடுப்பில் ஒரு கத்தரிக்கோல் தொங்கியதை நான் கவனித்துக்கொண்டேன். அவளிடமிருந்து பையனைத் தள்ளிக் கூட்டிப்போக வேண்டும் என்றுதான் நான் கரையோடு நடந்ததே. அதை நன்றாக மனசில் வையுங்கள். காவல் காக்கப் போய்த்தான் எல்லாம் நடந்தது.

கொஞ்ச தூரத்தில் ஒரு மரம். நல்ல வயசான மரம், படர்ந்து நிழல் கட்டி நிற்கிறது. அடிமரத்தைச் சுற்றி ரத்தச் சிவப்பில் பட்டையாக வர்ணம் அடித்திருக்கிறார்கள். கரையெல்லாம் ஜனம், வெயில் கொளுத்துகிறது, ஆனால் அந்த நிழலில் ஒரு ஈ காக்கை கிடையாது. துண்டு விரித்தவர்கள்கூட எட்டித்தான் விரித்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு பலகை, அதில் மண்டை ஓடு. கீழே குறுக்கே இரண்டு எலும்பு. கொழுந்தனாரே, நீங்களே சொல்லுங்கள். காவேரிப்பட்டணத்து மயானக் கொள்ளையை வருஷம் தவறாமல் பார்க்கிற நமக்கு, மரத்தில் செவப்பு பூசி, மண்டை ஓடு எழுதி, கிட்ட வராமல் ஜனம் விலகி நின்றால் அது யார் இடம் என்று வேறு ஒருத்தர் சொல்ல வேண்டுமா? எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப்போனது. ஆடி ஞாயிறு. நம்ம ஊரில் கூழ் ஊத்துகிற நாள். கூழ் ஊத்த முடியவில்லையே என்று காலையிலிருந்து மனசுக்குள் இருந்தது. ஆத்தா இங்கே வந்து காத்துக்கினு இருக்கா.

போகிறதுக்கு முன்னால் விசாரிக்கத்தான் செய்தேன், விசாரிக்காமல் போகிற ஆள் இல்லை. பக்கத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்த ஆளிடம் தமிழில் கேட்டேன். முழித்தார். நம்ம பக்கம் தமிழ் புரியாதவரிடம் கன்னடத்தில்தானே கேட்போம், "இது யாவ தேவரு சாமி?" என்றேன். அதற்கும் முழித்தார். சரி தெலுங்குக்காரர் போல என்று "ஏ தேவுடய்யா இதி?" என்றேன். அவர் மரத்தைக் காட்டி, இரண்டு கையையும் வேகமாக ஆட்டி, தலையை ஆட்டி, கழுத்தைப் பிடித்துக்கொண்டு நாக்கை நீட்டிக் காட்டினார். நாக்கை நீட்டினால் காளி அம்சம். எனக்கு இருந்த கொஞ்ச சந்தேகமும் போய்விட்டது.

உள்ளே போனேன். பின்னால் கத்தல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அந்த ஆளும் இன்னும் இரண்டு பேரும் என் காலைக் காட்டுகிற மாதிரி இருந்தது. அட, செருப்போடு வந்துவிட்டேனே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தேன். இன்னும் பெரிசாகக் கத்தினார்கள். மீன் சாப்பிட்டு வந்தது தெரிந்துவிட்டதோ என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். கெடா வெட்டு வாங்குகிற ஆத்தாளுக்கு மீனில் என்ன கோபம் வரப்போகிறது. அப்புறம்தான் பட்டது, பொம்பளை உள்ளே போகக் கூடாது என்று வைத்திருப்பார்கள். எனக்கும் கோபம் வந்தது. "பொம்பள சாமிகிட்ட பொம்பள வரக் கூடாதா? எந்த ஊரு ஞாயம்டா இது?" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, மரத்தை மூன்று சுற்று சுற்றி, முந்தானையில் முடிந்திருந்த நம்ம கோயில் குங்குமத்தை அந்தச் சிவப்புப் பட்டை மேலேயே வைத்து, உள்ளங்கையால் தடவி, நெற்றி பதிய ஒட்டிக் கும்பிட்டேன். பையனையும் "சாமி கும்பிடு கண்ணு" என்றேன். தொடவிடவில்லை, எச்சில் கை. அவன் தள்ளி நின்றே கும்பிட்டான். "ஆத்தா, மாசி வரைக்கும் இவன் முடிய நீதான் காப்பாத்தணும்" என்று வேண்டினேன். வேண்டி வாயை மூடவில்லை, மழை.

இங்கே மழை சொல்லிவிட்டு வராது. வாளியோடு கவிழ்த்தமாதிரி கொட்டும். ஜனமெல்லாம் ஓடுகிறது. நான் ஏன் ஓட வேண்டும்? ஆத்தா மடியில் நிற்கிறேன். பையனை அடிமரத்தோரம் நிறுத்தி, என் முந்தானையை விரித்தேன். அவன் வெளியே தலையை நீட்டி, இலையிலிருந்து சொட்டுகிற தண்ணீரைத் தலையில் வாங்கிக்கொண்டு கெக்கெக்கே என்று சிரிக்கிறான். அபிஷேகம் நடக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். அப்போது தூரத்தில் கார்ல்டன் ஓடிவருகிறார். பின்னால் குருமூர்த்தி, அவன் பின்னால் வினிதா, ஈரச் சேலை காலில் சுற்றி விழுந்து எழுந்து வருகிறாள். கார்ல்டன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பையனை ஒரு கையில் மூட்டையாகத் தூக்கி, என்னை இன்னொரு கையில் தரதரவென்று இழுத்தார். சாமி சந்நிதியில் ஒரு ஆம்பிளை என்னைக் கையைப் பிடித்து இழுத்தால் நான் சும்மா இருப்பேனா? கையில் இருந்த செருப்பால் முதுகில் ஒன்று வைத்தேன். அதற்கு அப்புறம் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது.

"அம்மா! அது வெஷ மரம்மா! இலை, பால், பழம் எல்லாம் வெஷம். மழைத்தண்ணி அதுல பட்டு மேல விழுந்தாலே தோலு வெந்துரும். கிட்ட போகாதேன்னு காட்டத்தான் செவப்பு அடிச்சிருக்கு. மண்டை ஓடு போட்டு வெச்சிருக்கே, பாக்கலயா நீ?" என்று குருமூர்த்தி கத்தினான்.

"பாத்துட்டுத்தான்டா போனேன்" என்றேன்.

மரத்துக்கு மன்சினீல் என்று என்னவோ பெயராம். கடலில் முழுகுகிறவர்களைத் தூக்க மேடை போட்டு ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். அவர் எங்களைக் குழாயடிக்குக் கூட்டிப்போய் சோப்புப் போட்டுக் கழுவு கழுவு என்று கழுவினார். அதற்குள் எனக்கு உள்ளங்கை எரிய ஆரம்பித்தது, நெற்றியில் மிளகாய் அரைத்துப் பூசினமாதிரி. சொல்லவில்லை. பையன் உடம்பு ஒன்றும் ஆகவில்லை, முந்தானை காப்பாற்றிவிட்டது. தலைதான். அந்த ஆள் முடிக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுக் குருமூர்த்தியிடம் சொன்னார். முடி இவ்வளவு அடர்த்தி, மரத்துப் பால் உள்ளே தங்கிவிட்டது, எத்தனை கழுவினாலும் கண்ணுக்கு வழியும், உடனே எடுக்க வேண்டும். பார்த்தால் குடையை விட்டுவிட்டு மார்வா நிற்கிறாள், கையில் பிளாஸ்டிக் பையை உறையாக மாட்டிக்கொண்டு, கத்தரிக்கோலோடு.

நான் பையனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஈர மணலில் உட்கார்ந்துவிட்டேன். "இவன் தலையில கத்தி வெச்சா நான் இந்தக் கடல்ல எறங்கிடுவேன்" என்றேன்.

"முழங்கால் தண்ணிதான் அத்தை அது" என்றாள் வினிதா. அவள் அழுதுகொண்டேதான் சொன்னாள். "முடி மொளைக்கும் அத்தை. கண்ணு போனா மொளைக்குமா? ஒங்க சாமி வந்து கேட்டா என் தலையக் காட்டுறேன், என் முடிய எடுத்துக்கட்டும். பிள்ளைய விடுங்க."

பின்னால் இடுப்பு வரைக்கும் தொங்குகிற அவள் முடியைப் பார்த்தேன். மனசாரத்தான் சொல்கிறாள். அந்த நேரம் சுபாஷ் தலையைச் சொறிந்துகொண்டே, "ஆயா, எரியுது" என்றான். அவ்வளவுதான் கொழுந்தனாரே. மணியும் முறையும் மூத்தார் முகமும் எல்லாம் ஒரு பக்கம் போய்விட்டது. "எடுங்க" என்றேன். ஆனால் எடுக்கிறது என்று ஆனபிறகு முறையோடு எடுக்க வேண்டாமா? "கெழக்க பாத்து உக்கார வெய்யுங்க" என்றேன். மெட்ராஸில் கடல் கிழக்கேதானே, அந்த ஞாபகத்தில் பையனைக் கடல் பார்க்க வைத்தேன். "அம்மா, இந்தப் பக்கம் கடல் மேக்கமா" என்றான் குருமூர்த்தி. மார்வா கத்தரியைத் தூக்கின கையோடு நிற்க, பையனைத் தூக்கித் திருப்பி வைத்தோம். அப்புறம் தாய்மாமன் மடி. வினிதாவின் அண்ணன் மாடசாமி ஓசூரில் ஷிப்டில் இருப்பான், அவனுக்கு எங்கே போவது? பையன் வேறு துள்ளுகிறான், பிடிக்க ஆள் வேண்டும். கார்ல்டன் சம்மணம் போட்டு உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டை எடுத்துவிட்டார். பையன் அடங்கிவிட்டான். "டேய், அவருகிட்ட கேளு, வினிதாவத் தங்கச்சியா ஏத்துக்கறாரான்னு" என்றேன். "இப்பவா?" என்றான். "இப்பதான்" என்றேன். கேட்டான். அவர் வினிதாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சரி என்று தலையாட்டினார். அப்புறம்தான் முதல் கொத்து விழுந்தது.

இதில் ஒன்றைக் கவனிக்கவும். மார்வா கத்தரியால் நறுக்கிவிட்டு, மீதியை ஆம்பிளைகளுக்குக் கிருதா ஒதுக்குகிற பேட்டரி மெஷினால்தான் வழித்தாள். கத்தி என்ற ஒரு பொருள் அந்த இடத்திலேயே இல்லை. மூத்தார் சொன்னது கத்தி. தேவைப்பட்டால் இதைச் சபையில் எடுத்துச் சொல்லவும். தேவைப்படாவிட்டால் விட்டுவிடவும்.

முடியைப் பாலித்தீன் கவரில் போட்டு, அதை இன்னொரு கவரில் போட்டுக் கட்டி வாங்கிக்கொண்டேன். போகிற வழியில் மருந்துக் கடையில் ரோஸ் நிறத்தில் ஒரு மருந்து வாங்கித் தலை பூராவும் தடவினார்கள். சந்தனம் பூசின மாதிரியே இருந்தது, நிறம்தான் வேறு. டாக்டரிடமும் காட்டினோம். கண்ணுக்கு ஒன்றும் இல்லை, தலையில் அங்கங்கே லேசாகச் சிவந்திருக்கிறது, தானாகப் போய்விடும் என்றார். தாய்மாமனுக்கு மரியாதை செய்யாமல் அனுப்பக் கூடாதே, குருமூர்த்திக்காக ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த கரை வேட்டியையும் துண்டையும் கார்ல்டனுக்குக் கொடுத்தேன். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார். காது குத்துக்கும் மாமன்தான் தோடு போட வேண்டும் என்று சொல்லச் சொன்னேன். என்றைக்கு என்று கேட்டு வைத்துக்கொண்டார். செருப்படி வாங்கினதைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. நல்ல சம்பந்தம்.

எனக்கு உள்ளங்கையில் கொப்புளம், கட்டுப் போட்டிருக்கிறது. நெற்றியில் மரத்தை ஒட்டின இடத்தில், புருவத்துக்கு நடுவில், ஒரு ரூபாய் அளவுக்கு வட்டமாகச் சிவந்து பொங்கியிருக்கிறது. உங்கள் அண்ணன் போனதிலிருந்து காலியாக இருந்த இடம். காலையில் கண்ணாடியில் பார்த்தேன். ஆத்தா வைத்தது, அழிக்க நான் யார்? மருந்து போடச் சொல்லி வினிதா சத்தம் போடுகிறாள். கைக்கு மட்டும் போட்டுக்கொண்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அது விஷ மரம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் அவளைத் தொட்டுப் பூசை பண்ணுகிறவர், யோசித்துப் பாருங்கள். கிட்டே வந்தால் சுடுகிறவள் யார்? மண்டை ஓட்டோடு ஊர் ஓரத்தில் நிற்கிறவள் யார்? பச்சைப்பிள்ளை உடம்பில் ஒரு இடம் தொடாமல், முடியை மட்டும் குறி வைத்துக் கேட்டு வாங்கினாளே, அது மரம் பண்ணுகிற வேலையா? அதுவும் நான் மாசி வரைக்கும் காப்பாற்று என்று கேட்டு வாய் மூடுகிறதுக்குள். மாசி வரைக்கும் அவளால் பொறுக்க முடியவில்லை. முதல் முடியை ஆத்தாளே வந்து வாங்கிக்கொண்டாள். ஆகையால் பங்காளிகளைக் கூட்டி, இந்தக் கடிதத்தை மூத்தார் முன்னால் சத்தமாகப் படித்து, சுபாஷுக்குப் பூசை முறை உண்டு என்று பேசி முடிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆத்தாளையே கேட்டுவிடலாம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், மடித்துச் சந்நிதியில் போட்டு, சின்னப் பெண் யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள். வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் இன்னொரு தடவை கேளுங்கள். அவள் இங்கேயும் அங்கேயும் போய்வந்து அசதியாக இருப்பாள்.

தங்கச்சி சுகுணாவுக்கும் உங்கள் பெண்களுக்கும் மாப்பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். மூத்தாருக்கு நமஸ்காரம், அவர் மூட்டு வலிக்குக் கல் உப்பு ஒத்தடம் கொடுக்கச் சொல்லவும். கொட்டகைக்கு மழைக்கு முன்னால் ஓடு மாற்றவும். ஆத்தாள் உங்களையும் எங்களையும் ஒரே கண்ணால் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி,
நஞ்சம்மா.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்து, கவர் மேல் இங்கிலீஷில் விலாசம் எழுதக் குருமூர்த்தியிடம் கொடுத்தேன். என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டான். முழுசும் படித்துக் காட்டினேன். "மொதல் முடியை ஆத்தாளே வாங்கிக்கிட்டா" என்கிற இடம் வந்ததும் அவன் தலையைக் குனிந்துகொண்டான். அடுப்படியில் தோசை தீய்ந்த வாசனை வந்தது. வினிதா வாசற்படியில் வந்து நின்றாள். "அத்தை, அது மொத முடி இல்ல" என்றாள்.

சுபாஷுக்கு ஒரு வயசில் தலையெல்லாம் வேர்க்குரு பழுத்துச் சீழ் கட்டிவிட்டதாம். டாக்டர் சொல்லி, இங்கேயே ஒரு கடையில் வழித்துவிட்டிருக்கிறார்கள். எனக்கும் உங்களுக்கும் பயந்து இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. நான் வந்து மூன்று மாசமாகக் காவல் காத்தது இரண்டாவது முடியை. பால் பாக்கெட்டைப் பல்லால் கிழித்ததும் இரண்டாவது முடிக்குத்தான். கருகின தோசையைச் சாப்பிட்டேன். அப்புறம் வினிதா பீரோவைத் திறந்து, தன் முகூர்த்தப் புடவை மடிப்புக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தாள். "என்னைக்காவது கொண்டுபோயி ஒங்க சாமி காலடியில போட்டுருவோம்னுதான் வெச்சிருந்தேன், திட்டாதீக" என்றாள். பிரித்துப் பார்த்தேன். பூனைமுடி மாதிரி மெத்தென்று, ஒரு இழை சிந்தாமல் மடித்து வைத்திருக்கிறாள். என் மகன் செய்ய மாட்டான் இதை. திட்டவில்லை. கத்தரிக்கோலை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டேன்.

மாசியில் இரண்டு பொட்டலமும் வருகிறது. ஆத்தாளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை, நீங்கள் அவள் பூசாரி, உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும். மூத்தாருக்கு வேண்டாம். சபையில் படிக்கும்போது என் கையெழுத்தோடு நிறுத்திக்கொள்ளவும். மறக்காமல் இன்னொன்று: பூப் போட்டுக் கேட்கிற வேலையே வேண்டாம். அவள் பாட்டுக்கு உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது?